காட்டிருளும் கணக்கேடும்

கெமாஸ் என்றவுடன் மலேசியத் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில் சந்திப்பேயாகும். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்துள்ள இச்சிற்றூரில்தான் மேற்குக் கரைப் பாதையிலிருந்து கிழக்குக் கரைப் பாதை பிரிந்து, பகாவ், மெந்தகாப், கோல லிப்பிஸ் வழியாகக் கிளந்தானிலுள்ள தும்பாட்டுக்குச் செல்கிறது. காடழித்தும் மலை குடைந்தும் போடப்பட்ட அப்பாதை 1931ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. பதினைந்து ஆண்டுகள்கூட அது முழுதாக நிலைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியின்போது அதன் பெரும்பகுதியில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் புதிய ரயில் பாதைக்கு இரும்பு வேண்டியிருந்தது. இரும்பு போன திசையிலேயே நம் தோட்டத்து மக்களும் கொண்டு செல்லப்பட்டனர். இரும்புக்கு மாற்றாகப் புதிய இரும்பு பின்னர் வந்து சேர்ந்தது. போன மக்களில் பலர் திரும்பவில்லை.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர் ஜோசப் கான்ராட் எழுதிய 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்னும் குறுநாவலைப் படிக்க நேர்ந்தால் திடுக்கிடுவார். 'இருளின் இதயம்' என நாம் தமிழில் வழங்கத்தக்க அந்நூலிலும் ஒரு ரயில் பாதை வருகிறது. அதைப் போடுவதற்காக இழுத்து வரப்பட்ட மக்கள் மரநிழலில் கிடந்து சாகின்றனர். மனித இயல்பின் இருண்ட பக்கத்தைக் குறியீடுகளால் ஆராய்ந்த நூல்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது அது. அந்த இருளை ஆசிரியர் எங்கே வைத்துக் காட்டுகிறார், சயாம் ரயிலின் கதையை அறிந்த நாம் அதை எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

ஆசிரியரும் அவர் கண்ட நாடும்

கான்ராட் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். 1857ஆம் ஆண்டில், இன்று உக்ரேன் நாட்டிலுள்ள பெர்டிச்சிவ் என்னும் ஊரில், போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் அவர் வளர்ந்தபின் கற்ற மொழி. இளமையிலேயே கப்பல் தொழிலில் புகுந்து, நம் மலாய்க் கடல்களிலும் பல காலம் உலவினார். சிங்கப்பூரிலிருந்து போர்னியோக் கரைக்குச் சென்ற 'விடார்' என்னும் கப்பலில் அவர் 1887இல் பணியாற்றினார். 1895இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'ஆல்மேயர்ஸ் ஃபாலி', 1900இல் நூலான 'லார்டு ஜிம்' ஆகிய இரண்டும் இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டவை.

1890ஆம் ஆண்டில் அவர் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் நீராவிப் படகு ஒன்றில் வேலைக்குச் சென்றார். அந்நாடு அப்போது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாக இருந்தது. 'காங்கோ சுதந்திர நாடு' என்பது அதற்கு இடப்பட்ட பெயர்! அடிமை வாணிகத்தை ஒழிப்போம், நாகரிகத்தைப் பரப்புவோம் என்று உலகுக்கு உரைத்துவிட்டு, மன்னரின் ஆட்கள் முதலில் தந்தத்தையும் பின்னர் ரப்பரையும் வாரிச் சென்றனர். மாத்தாடி துறைமுகத்திலிருந்து லியோபோல்டுவில் வரை ஒரு ரயில் பாதையும் போடப்பட்டது. 1890இல் தொடங்கிய அவ்வேலை 1898இல்தான் முடிந்தது. கான்ராட் சென்றது அது தொடங்கிய ஆண்டிலேயே. ஆறு மாதங்களில் நோயுற்றுத் திரும்பிய அவர், தாம் கண்டவற்றை உள்ளத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்து கதையாக்கினார். 1899இல் அஃது ஓர் இதழில் தொடராகவும், 1902இல் நூல் வடிவிலும் வந்தது.

பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம்மவர் இங்கே ஒரு செய்தியைக் கருதல் வேண்டும். காற்றடைத்த ரப்பர் சக்கரம் 1888க்குப் பின் பெருகியதால் உலகில் ரப்பருக்குப் பசி மிகுந்தது. காங்கோவில் அப்பசிக்குக் காட்டுக் கொடிகளிலிருந்து ரப்பர் எடுக்கப்பட்டது. கணக்கில் குறைந்தால் ஊர்கள் எரிக்கப்பட்டன, கைகள் வெட்டப்பட்டன. மலாயாவிலோ தோட்டம் போட்டு ரப்பர் வளர்க்கப்பட்டது. மலாக்காவில் டான் சே யான் 1896இல் தொடங்கி வைத்த தோட்ட முறை விரைந்து பரவியது. 1910களில் தோட்ட ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை முந்தியது. நம் பாட்டன்மாரைக் கங்காணிகள் கப்பலேற்றிக் கொணர்ந்தது அந்தப் பசிக்காகத்தான். ஆகவே காங்கோவும் கெமாஸும் நாம் எண்ணுமளவுக்குத் தொலைவான ஊர்கள் அல்ல.

உள்ளுறை அறிந்தவர்க்குக் குறியீடு புதிதன்று

மேலைநாட்டுத் திறனாய்வாளர் குறியீடு என்று விரித்துரைப்பதைக் கேட்டு நம் மாணவர் மலைக்க வேண்டுவதில்லை. கருப்பொருளை வெளியே நிறுத்தி, சொல்ல வந்ததை உள்ளே வைக்கும் உள்ளுறையைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இறைச்சி என்பதும் அத்தகையதே. பறவை, மரம், நீர் என நிற்கும் பொருள்கள் மனித உள்ளத்தைப் பேசும் முறை நம்முடையது.

பாலை நிலத்தைப் பற்றி இளங்கோவடிகள் காட்டும் கருத்து இங்குத் தனியே கருதத்தக்கது. பாலை என்று இயற்கையில் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, வெம்மையால் தம் நல்லியல்பை இழக்கும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன. மனித உள்ளத்தின் இருளும் இப்படிப்பட்டது போலும். கொடியவர் என்று ஒரு தனி இனம் பிறப்பதில்லை. நல்லவராய் வாழக்கூடிய மனிதர், தடுப்பாரும் கேட்பாரும் இல்லாத இடத்தில், ஆசையின் வெம்மைபட்டுத் திரிகின்றனர். கான்ராட் நாவலின் நடுவே நிற்கும் குர்ட்ஸ் என்பவன் அத்தகையவன். அவன் படித்தவன்; ஓவியன்; நாவன்மை மிக்கவன்; காட்டுமக்களைக் கைதூக்கிவிடப் போவதாகச் சொல்லி வந்தவன். முடிவில் அம்மக்கள் தன்னைத் தெய்வமாக வணங்குமாறு செய்து, தந்தத்துக்காக அவர்களையே கொள்ளையிடுகிறான்.

வெள்ளைப் பொருள்களின் இருள்

நூலின் பெயரைக் கேட்டவர், இருள் என்பது ஆப்பிரிக்கக் காடு என்றே கொள்வர். கதையின் மேற்பரப்பும் அவ்வாறு எண்ணச் செய்கிறது. ஆனால் ஆசிரியர் கதையைத் தொடங்கும் இடம் லண்டனின் தேம்ஸ் ஆறு. அங்கே அந்திப் பொழுதில் நங்கூரமிட்ட படகிலிருந்து கதை சொல்லும் மார்லோ, உரோமர் வந்த காலத்தில் இந்த ஆறும் இருண்ட இடமாகவே இருந்தது என்று நினைவூட்டுகிறான். இருள் ஒரு கண்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பது தொடக்கத்திலேயே குறிக்கப்படுகிறது.

பின்னர் வரும் குறியீடுகளை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கொடுமையைச் சுமந்து நிற்பவை பெரும்பாலும் வெள்ளைப் பொருள்கள். கம்பெனி இருக்கும் நகரம் வெள்ளையடித்த கல்லறைபோல் மார்லோவுக்குத் தோன்றுகிறது. எல்லோரும் தேடி அலையும் தந்தம் வெண்மை. படகைச் சூழ்ந்து, இரவைக் காட்டிலும் கண்ணை மறைப்பது வெண்பனி. சாகும் இளைஞன் ஒருவன் கழுத்தில் எதற்கென்று அறிய முடியாத வெள்ளை நூல் கட்டியிருக்கிறது.

இவற்றுள் தலையாயது கம்பெனிக் கணக்கரின் தோற்றம். ரயில் வேலையில் நோயுற்றவர் கிடந்து மடியும் மரநிழலை விட்டு மார்லோ சில அடிகள் நடக்கிறான். எதிரே, கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வாரிய தலையுமாய் ஒருவர் நிற்கிறார். அவருடைய கணக்கேடுகள் ஒரு பிழையும் இன்றி ஒழுங்காக உள்ளன. தம் அறையில் கிடத்தப்பட்ட நோயாளியின் முனகல் கணக்கில் கவனம் செலுத்த இடையூறாக இருக்கிறது என்பதே அவர் குறை. அவர் யாரையும் அடிக்கவில்லை. தம் வேலையைத் திறம்படச் செய்கிறார். வெளியே சாவோர் அவருடைய ஏட்டில் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. குர்ட்ஸின் கொடுமையைக் கண்டு அஞ்சும் வாசகர், இக்கணக்கரைக் கண்டு புன்னகை செய்து கடந்து விடுவர். ஆசிரியர் முதலில் நமக்குக் காட்டும் பெருங்கொடுமை இதுவே என்பதை மறத்தலாகாது.

மற்றொரு குறியீடு குர்ட்ஸ் தீட்டிய சிற்றோவியம். கண் கட்டப்பட்ட ஒரு பெண், இருட்டில் தீப்பந்தம் ஏந்திச் செல்கிறாள். ஒளி கொண்டு வருகிறேன் என்று புறப்பட்டவர்க்கே கண் தெரியவில்லை. இன்னொன்று, குர்ட்ஸின் வீட்டைச் சுற்றி நட்ட கம்பங்கள். தொலைநோக்கியில் முதலில் அவற்றின் உச்சி அழகுக்கு வைத்த உருண்டைகளாய்த் தெரிகிறது. நன்றாக நோக்கியபோது அவை உலர்ந்த மனிதத் தலைகள். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அணியாகத் தோன்றுவது அருகில் கொலையாக இருக்கிறது.

இவற்றுக்கு மாறான குறியீடும் உண்டு. மார்லோவின் படகில் வேலை செய்யும் கறுப்பினத்தவர் பசியால் வாடுகின்றனர். அவர்களுக்குக் கூலியாகத் தரப்படுவது எங்கும் எதையும் வாங்க உதவாத பித்தளைக் கம்பித் துண்டுகள். படகில் அவர்கள் தொகை மிகுதி. நினைத்தால் வெள்ளையரை வெல்லலாம். இருந்தும் அவர்கள் அடங்கியே உள்ளனர். அவ்வடக்கம் எங்கிருந்து வந்தது என மார்லோ வியக்கிறான். நாகரிகம் பேசியவரிடம் இல்லாத அடக்கம், காட்டுமிராண்டிகள் எனப்பட்டவரிடம் இருந்தது. ஜப்பான் காலத்தில் வாழைமரப் படம் போட்ட நோட்டைக் கூலியாகப் பெற்று, அதைக் கொண்டு ஒரு படி அரிசி வாங்க முடியாமல் அலைந்த நம் மக்களுக்கு அப்பித்தளைக் கம்பியை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

சயாமுக்குப் போனவர்கள்

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். 1942 ஜனவரி 14ஆம் நாள், கெமாஸுக்கு மேற்கேயுள்ள கெமென்சே ஆற்றுப் பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து ஜப்பானியரைத் தாக்கினர். இழப்பு மிகுதியாயினும் ஜப்பானியர் முன்னேற்றம் நிற்கவில்லை. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை.

அந்நிலையில்தான் சயாம் ரயில் வேலைக்கு ஆள் எடுத்தனர். சயாமின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17இல் இருபுறத் தண்டவாளமும் இணைந்து முடிந்தது. காங்கோவில் இதனினும் குறுகிய பாதைக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. இங்கே ஏறத்தாழ பதினாறு மாதங்கள். அந்த விரைவுக்கு விலையாக உயிர்கள் கொடுக்கப்பட்டன. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி அழைத்தனர். பின்னர் வலிந்து பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, வாயிலை அடைத்து லாரியில் ஏற்றினர் என்பது தோட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவை அங்கே காத்திருந்தன.

'ஆசியா ஆசியருக்கே' என்பது ஜப்பானியர் முழக்கம். அதனை நம்பிய ஆசியர் அதே ஆசியராலேயே மாய்க்கப்பட்டனர். கண்கட்டிய பெண்ணின் கையிலிருந்த தீப்பந்தம் இங்கே வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. ஆதலின் கான்ராட் காட்டிய இருளை வெள்ளையர் குற்றம் என்று மட்டும் சொல்லி நாம் விலகிக் கொள்ள இயலாது.

இன்னும் அருகே வந்து பார்க்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. துரைமார் போரில் அகப்பட்டும் ஓடியும் போனபின் பல தோட்டங்களை நடத்தியோர் ஆசியப் பணியாளரே. இத்தனை பேர் வேண்டும் என்று ஆணை வந்தபோது, பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு கிராணிமார், கங்காணிமார் கைக்கும் வந்தது. பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை கொடுத்த அதே வாய், சயாமுக்கும் பேர் கூப்பிட்டது. அவர்களுள் சிலர் அச்சத்தால் எழுதினர். சிலர் தம் உறவினர் பெயரை விடுவித்து வேறொருவர் பெயரைச் சேர்த்தனர். அவர்களை அரக்கர் என்பது எளிது. கஞ்சி போட்ட கழுத்துப்பட்டைக் கணக்கரும் அரக்கர் அல்லர் அன்றோ? தன் பெயர் பட்டியலில் வாராதிருக்க அடுத்தவன் பெயரை எழுதும் கை எவரிடத்தும் இருக்கக்கூடும் என்பதே அந்நாவல் நம்மை நோக்கி வைக்கும் வினா.

எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

சயாம் பாதையில் ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தனர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். மறைத்து வைத்து நாட்குறிப்பு எழுதினர், இறந்தோர் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்தனர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. அக்கற்களில் பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு.

தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் எனச் சென்ற ஆசியத் தொழிலாளர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் மாண்டோர் 90,000 அளவினர் என்பர் சிலர். அதனினும் மிகுதி என்பர் வேறு சிலர். ஒருபுறம் பெயர், மறுபுறம் 'அளவினர்'. போர் முடிந்தபோது ஜப்பானியர் பல ஆவணங்களை எரித்தனர். 1908இல் காங்கோவைப் பெல்ஜியத்திடம் ஒப்படைக்குமுன் லியோபோல்டும் தம் ஆட்சி ஆவணங்களை எரிக்கச் செய்தார். கொடுமை செய்தோர் இருவரும் இறுதியில் அஞ்சியது கணக்கேட்டுக்குத்தான்.

ஏன் அஞ்சினர் என்பதற்குக் காங்கோ வரலாறே சான்று. கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்த மோரல் என்னும் இளைஞர், ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை ஒப்பிட்டு நோக்கினார். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் மலைமலையாய் வந்தன. திரும்பிச் சென்றவையோ பெரும்பாலும் துப்பாக்கியும் வெடிமருந்தும். வாணிகமென்றால் கொடுத்து வாங்கவேண்டும்; இங்கே கொடுப்பது இல்லை. எனவே நடப்பது அடிமை வேலையே என்று அவர் தெளிந்தார். 1904இல் கேஸ்மென்ட் என்னும் பிரிட்டிஷ் தூதர் நேரில் கண்டெழுதிய அறிக்கையும் வெளிவர, உலகின் கண்டனம் எழுந்து லியோபோல்டின் தனியாட்சி ஒழிந்தது. நாவலில் ஒரு கணக்கர் ஏட்டைக் கொண்டு சாவை மறைக்கிறார். வரலாற்றில் ஓர் எழுத்தர் ஏட்டைக் கொண்டு சாவை வெளிப்படுத்துகிறார். ஏடு ஒன்றே, அதைப் படிக்கும் உள்ளம் வேறு.

நாவலின் குறையும் நம் நாவல்களும்

கான்ராட் நூலைப் போற்றுவோர் அதன் குறையையும் சொல்லுதல் வேண்டும். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், அந்நூல் ஆப்பிரிக்காவை வெறும் பின்னணியாக்கி, ஆப்பிரிக்க மக்களுக்குப் பேச்சையே மறுத்துவிட்டது என்று கடுமையாகச் சாடினார். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மரநிழலில் சாவோருக்கு இரக்கம் காட்டும் ஆசிரியர் அவர்களில் ஒருவருக்கேனும் பெயர் தரவில்லை. கணக்கரைக் கண்டித்த நூலே அக்கணக்கரின் ஏட்டைப்போல் ஆகிவிடும் இடம் அது. இருளைக் குறியீட்டால் காட்டுவோர், இருளில் கிடப்பவரையும் குறியீடாக்கி விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

அப்பெயரில்லாக் குறையை நம் எழுத்தாளர் நீக்க முயன்றனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலும் அதே வரலாற்றைப் பேசுவது. உலக அரங்கில் கான்ராடுக்குள்ள புகழ் அவற்றுக்கு இல்லை. ஆயினும் கான்ராட் விட்ட இடத்தை நிரப்புவன அவை. மரநிழலில் கிடந்தவன் அவற்றில் எழுந்து அமர்ந்து தன் பெயரையும் ஊரையும் சொல்கிறான்; தமிழில் அழுகிறான். கரையில் நின்று கண்ட கதையும் வெள்ளத்தில் அகப்பட்டவன் கதையும் ஒன்றாகா.

தமிழாசிரியர் இவ்விரு வகை நூல்களையும் உயர்நிலை மாணவர்க்கு அருகருகே வைத்துக் காட்டலாம். ஒன்றிலிருந்து, கொடுமை எவ்வளவு ஒழுங்காகவும் வெண்மையாகவும் தோன்றக்கூடும் என்பதைக் கற்பர். மற்றொன்றிலிருந்து, அக்கொடுமைக்கு ஆளானவன் ஒரு குறியீடல்லன், தன்னைப் போன்ற மனிதன் என்பதைக் கற்பர். உள்ளுறை, இறைச்சி என்று தேர்வுக்காக மட்டும் நெட்டுருப் போட்ட இலக்கணமும் அப்போது உயிர்பெறும்.

கெமாஸ் வட்டாரத்துத் தோட்டங்களின் முகம் இன்று மாறிவிட்டது. பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். சயாமுக்குச் சென்று மீண்ட தலைமுறை ஏறத்தாழ முற்றும் மறைந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய மக்களும் பேரர்களும் உள்ளனர். எந்தத் தோட்டம், யார் மகன், எந்த ஆண்டு போனான் என்ற மூன்று செய்திகளையும் அவர்களுள் பலர் இன்றும் சொல்லக்கூடும். பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டு முதியோரிடம் கேட்டு, ஒரு பெயரை அதன் ஊரோடு எழுதிக் கொண்டுவந்தால், 'அளவினர்' என்ற சொல்லிலிருந்து ஒருவர் குறைகிறார். பிழையற்ற அந்தக் கணக்கேட்டில் விடுபட்ட பத்தி அப்படித்தான் நிரம்பும்.